24 மணி நேர மவுண்டன் பைக் ரிலே: நால்வர் அணிக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1992-இல் லேயர்ட் நைட் என்பவர் நடத்திய '24 ஹவர்ஸ் ஆஃப் கேனன்' போட்டியில்தான் இந்த வடிவம் பிரபலமானது. ஒரே பாதையை அணியினர் மாறி மாறிச் சுற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பாதையில் இருக்கலாம். ஒரு நாள் நண்பகலில் தொடங்கி மறுநாள் நண்பகல் வரை அதிகச் சுற்றுகள் முடித்த அணி வெல்லும். யூட்டாவின் மோவாப், ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்பெஃபர் ('ஸ்ட்ராத்பஃபர்' போட்டி) என்று பிறகு பல இடங்களுக்கு இது பரவியது. இந்த வழிகாட்டியில் அரிசோனாவின் டூசான் நகருக்கு வடக்கே, ஓரகிள் என்ற சிற்றூரை ஒட்டிய பாலைவனத்தில் பிப்ரவரி நடுவில் நடக்கும் '24 ஹவர்ஸ் இன் தி ஓல்ட் பியூப்லோ' போட்டியை மாதிரியாக எடுத்துக்கொள்கிறோம். சுற்று சுமார் 26 கி.மீ. பாதை வேகமானது. ஏற்றங்கள் பெரியவை அல்ல. ஆனால் பகலில் வெயில், இரவில் உறைபனிக்கு அருகில் போகும் குளிர், வழியெல்லாம் முள்.

இந்தப் போட்டியில் ஒவ்வொருவரும் பைக்கில் இருப்பது ஆறேழு மணி நேரம்தான். மீதி பதினேழு பதினெட்டு மணி நேரம் முகாமில் கழிகிறது. அந்த நேரத்தை ஒழுங்காகக் கழித்த அணி, தன்னைவிட வேகமான அணியையும் தாண்டிவிடும். இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த மணி நேரங்களைப் பற்றியதுதான்.

அணியைச் சேர்ப்பது

நால்வரும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொருவரின் முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் உள்ள வித்தியாசம் குறைவாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். 68 நிமிடத்தில் தொடங்கி 95 நிமிடத்தில் முடிப்பவரைவிட, 78-இல் தொடங்கி 83-இல் முடிப்பவர் அணிக்கு அதிகம் தருவார். இவருடைய நேரத்தை நம்பி அட்டவணை போடலாம் என்பது கூடுதல் நன்மை.

ஐந்தாவதாக, போட்டியில் ஓட்டாத உதவியாளர் ஒருவர் அவசியம். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சமைக்கவும், நேரம் குறிக்கவும், விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவரை எழுப்பவும் தெரிந்தால் போதும்.

பதிவு செய்வதற்கு முன்பே நால்வரும் பேசி முடிக்க வேண்டியது உதிரிபாக விஷயம். பிரேக் பேட் வகை, செயின் எத்தனை கியருக்கானது என்பது, சக்கர அளவு, பின் ஆக்ஸில் இவை முடிந்தவரை ஒன்றாக இருந்தால் உதிரிப் பெட்டி பாதியாகும். டிரெயிலியர் ஹேங்கர் மட்டும் பிரேமுக்குப் பிரேம் மாறும். கியர் மாற்றியைப் பிரேமோடு இணைக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு வளைந்தால் போட்டி அங்கேயே நின்றுவிடும். ஆகவே அவரவர் பைக்குக்கு உரியது இரண்டு வாங்கி, ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றை இருக்கைக்கு அடியிலுள்ள சேணப் பையிலும் வையுங்கள்.

பயிற்சி: எதை ஒத்திகை பார்ப்பது

வாராந்திர நீண்ட சவாரி எல்லோரும் செய்வதே. அதைவிட இந்தப் போட்டிக்கு உதவுவது, உடல் ஆறியபின் மறுபடி வேகமாக ஓட்டப் பழகுவது. போட்டிக்கு ஆறு வாரம், மூன்று வாரம் முன்பு தலா ஒரு முறை ஒரே நாளில் மூன்று சவாரி செய்யுங்கள்: காலை 11 மணி, மாலை 4 மணி, இரவு 9 மணி. ஒவ்வொன்றும் 75 நிமிடம், போட்டி வேகத்தில். இடையில் போட்டியன்று சாப்பிடப்போவதையே சாப்பிடுங்கள். மூன்றாவது சவாரியின் முதல் பத்து நிமிடம் கால் மரத்துப்போனது போல இருக்கும். அது கடந்துவிடும் என்பதை உடம்பு முன்கூட்டியே அறிந்திருந்தால், போட்டியன்று பதற்றப்பட்டுத் தொடக்கத்திலேயே சக்தியை வீணாக்க மாட்டீர்கள். போட்டி விளக்கோடு குறைந்தது நான்கு இரவுச் சவாரிகளாவது வேண்டும். இரவில் பழகாதவர் ஒவ்வொரு சுற்றிலும் பத்துப் பதினைந்து நிமிடம் இழப்பார்.

சுற்று அட்டவணை

சராசரிச் சுற்று பகலில் 75 நிமிடம், இருட்டிய பின் 80 முதல் 83 நிமிடம் என்று கொண்டால் 24 மணி நேரத்தில் 19 சுற்று வரும். ஒவ்வொருவரும் ஒரு சுற்று ஓட்டி மாற்றினால் இடைவெளி சுமார் நாலு மணி நேரம்தான். உடை மாற்றி, சாப்பிட்டு, மறுபடி தயாராகும் நேரத்தைக் கழித்தால் தூங்க ஒன்றரை மணி நேரம் மிஞ்சாது. அதனால் நள்ளிரவுக்குச் சற்று முன்பிருந்து ஒருவரே இரண்டு சுற்று தொடர்ந்து ஓட்டும் முறைக்கு மாறுவது நல்லது.

அ: பகல் 12.00 – 1.15
ஆ: 1.15 – 2.30
இ: 2.30 – 3.45
ஈ: 3.45 – 5.00
அ: மாலை 5.00 – 6.20
ஆ: 6.20 – 7.40
இ: 7.40 – 9.00
ஈ: 9.00 – 10.20
அ, இரட்டை: இரவு 10.20 – 1.05
ஆ, இரட்டை: 1.05 – 3.50
இ, இரட்டை: 3.50 – 6.35
ஈ, இரட்டை: காலை 6.35 – 9.15
அ: 9.15 – 10.30
ஆ: 10.30 – 11.45
இ: 11.45 – 1.00 (நண்பகலுக்கு முன் தொடங்கிய சுற்று கணக்கில் வரும் போட்டிகளில்)

இதில் ஒவ்வொருவருக்கும் ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளி குறைந்தது ஒன்று கிடைக்கிறது. 'அ'-வுக்கு இரவு 1.05-இலிருந்து காலை 9.15 வரை, 'ஈ'-க்கு 10.20-இலிருந்து காலை 6.35 வரை. 'ஈ' நான்கு சுற்றுதான் ஓட்டுகிறார், அதுவும் இருட்டில் குறைவாக. அணியில் இரவுக்குத் தயங்குபவர் இருந்தால் அவர் இடம் அது. ஆனால் 9.15-க்கு அவர் சோர்ந்திராவிட்டால், யாராவது தளரும்போது உடனே எழ வேண்டியவரும் அவர்தான். 'ஆ'-வின் இடம் கடினமானது. இரவு ஒரு மணிக்குத் தொடங்கும் இரட்டைச் சுற்றில் உடல் வெப்பம் குறைந்துகொண்டே போகும், தூக்கம் கண்ணைக் கட்டும். இருட்டில் நிதானம் இழக்காதவரை அங்கே வையுங்கள். அணியில் அவரே வேகமானவராக இருக்க வேண்டியதில்லை.

இரட்டை முறையிலும் ஒரு நட்டம் உண்டு. இரண்டாவது சுற்று முதலாவதைவிட நாலைந்து நிமிடம் மெதுவாகும். அந்த நிமிடங்களைக் கொடுத்துத் தூக்கத்தை வாங்குகிறீர்கள். முதல் மூன்று இடங்களுக்குப் போட்டியிடும் அணிகள் பெரும்பாலும் ஒற்றைச் சுற்றையே விரும்பும். மற்றவர்களுக்கு இரட்டை லாபம் என்பதே எங்கள் கருத்து.

டயரும் முள்ளும்

ச்சோய்யா என்ற கள்ளி பாதையின் இரு புறமும் நிற்கும். அதன் கணுக்கள் லேசாகத் தொட்டாலே கழன்று ஒட்டிக்கொள்ளும். முட்களின் நுனியில் பின்னோக்கிய நுண்கொக்கிகள் இருப்பதால் இழுத்தால் தோலையும் சேர்த்து இழுக்கும். கையால் எடுக்கப் போனால் கையிலும் ஒட்டும். அகலப் பற்களுள்ள தலைச் சீப்பு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்கும் கள்ளிக் கணுவுக்கும் நடுவில் சீப்பைச் செருகி, உடலுக்கு வெளிப்பக்கமாக, பின்னால் வருபவர் மேல் விழாதபடி சுண்டிவிட வேண்டும். மீதி முட்களைச் சிறு குறடால் முகாமில் எடுக்கலாம்.

டயர் ட்யூப்லெஸ்ஸாகத்தான் இருக்க வேண்டும். 29 அங்குலம், 2.3 அகலம் என்றால் ஒவ்வொன்றிலும் 100 முதல் 120 மி.லி. சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்). பழையதை நம்பாதீர்கள். வறண்ட காற்றில் அது சீக்கிரம் காய்ந்து ரப்பர் கட்டியாகிவிடும். போட்டிக்கு மூன்று நாள் முன்பு பழையதை வழித்தெடுத்துப் புதியது ஊற்றுங்கள். டயரில் முள் குத்தி நிற்பதைக் கண்டால் பாதையில் பிடுங்காதீர்கள். முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். முகாமுக்கு வந்தபின் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, உடனே அந்த இடம் கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி, சீலன்ட் அடைக்கும் வரை நிறுத்துங்கள்.

70 கிலோ எடையுள்ளவருக்கு முன் டயர் 20–22, பின் டயர் 22–24 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) நல்ல தொடக்கம். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பகலில் 20 டிகிரியில் 22 பிஎஸ்ஐ வைத்த டயர், இரவில் வெப்பம் பூஜ்யத்துக்கு வந்தால் காற்று எதுவும் கசியாமலே சுமார் 2.5 பிஎஸ்ஐ இறங்கிவிடும். 19.5 பிஎஸ்ஐயில் கல் விளிம்பில் மோதினால் ரிம் அடிபடும், டயர் பக்கவாட்டில் கிழியும். சூரியன் மறைந்தபின் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு காற்றழுத்த அளவி வைத்துப் பாருங்கள். விரலால் அமுக்கிப் பார்ப்பது போதாது. காலையில் வெயில் ஏறியதும் அதே அளவு ஏறும், அப்போது குறைக்க வேண்டும்.

பாதையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: மல்டி டூல், டயர் பிளக் கருவி, ஒரு ட்யூப், இரண்டு டயர் லீவர், செயின் குவிக் லிங்க் (அறுந்த செயினை இணைக்கும் கண்ணி), ஹேங்கர், 25 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு குப்பி ஒன்று, கைப் பம்பு. குப்பி இருக்கும்போது பம்பு எதற்கு என்று விடாதீர்கள். குப்பி ஒரு தடவைதான். குளிர்ந்த வாயு சில வகை சீலன்டை உறையவும் வைத்துவிடும். வால்வை மேல் பக்கமாக வைத்து அடித்தால் அது குறையும்.

செயினுக்குத் தூசிப் பாதையில் மெழுகு வகை எண்ணெய் நல்லது. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் உலர்ந்த துணியால் துடைத்து, தேவையான அளவு மட்டும் விட்டு, மீண்டும் துடையுங்கள். அதிகம் விட்டால் தூசி பசையாகிப் பல்சக்கரத்தைத் தேய்க்கும். ஸ்ட்ராத்பஃபர் மாதிரி ஜனவரி ஸ்காட்லாந்துப் போட்டி என்றால் கணக்கு வேறு. அங்கே சேறும் பனிக்கட்டியும், சுமார் 17 மணி நேர இருட்டும் உண்டு. சின்டர்டு (உலோகத் துகள்) பிரேக் பேட், ஈர வகை எண்ணெய், ஆணி பதித்த டயர் வேண்டியிருக்கும்.

விளக்கு

பிப்ரவரி நடுவில் டூசான் பகுதியில் சூரியன் மாலை ஆறேகால் வாக்கில் மறைந்து காலை ஏழு மணி வாக்கில் உதிக்கும். பதின்மூன்று மணி நேரத்துக்கு நெருக்கமான இருட்டு. ஐந்து மணிக்குக் கிளம்பும் 'அ' பகலில்தான் கிளம்புகிறார், ஆனால் சூரியன் மறைந்தபின்தான் வந்து சேருவார். அவர் விளக்கில்லாமல் போவது ஆண்டுதோறும் நடக்கும் தவறு.

இரண்டு விளக்கு வேண்டும். ஹேண்டில்பார் விளக்கு கீழிருந்து வருவதால் கல்லுக்கும் பள்ளத்துக்கும் நிழல் விழும், ஆழம் தெரியும். ஹெல்மெட் விளக்கு நீங்கள் பார்க்கும் திசையில் போகும், வளைவுகளில் உதவும். ஆனால் கண்ணுக்கு அருகிலிருந்து வருவதால் நிழல் இல்லாமல் பாதை தட்டையாகத் தோன்றும். ஹெல்மெட் விளக்கு மட்டும் வைத்து ஓட்டுபவர்கள் விழுவது பெரும்பாலும் இதனால்தான். ஹேண்டில்பாரில் 1000 லூமன், தலையில் 700 முதல் 1000 போதும். முன்னால் போகிறவர் கிளப்பும் தூசியில் தலை விளக்கைக் குறையுங்கள். இல்லாவிட்டால் ஒளி தூசியில் பட்டுக் கண்ணிலேயே திரும்பும்.

பேட்டரிக் கணக்கை முன்பே போடுங்கள். 7.2 வோல்ட், 5.2 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் சுமார் 37 வாட்-மணி. விளக்கு முழு ஒளியில் 12 வாட் எடுத்தால் மூன்று மணி நேரம். குளிரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டால் இரண்டரை மணி நேரம். உங்கள் இரட்டைச் சுற்றோ 2 மணி 45 நிமிடம். கடைசிப் பதினைந்து நிமிடம், அதிலும் முடிவுக் கோட்டுக்கு முன்னால் இருக்கும் பாறைச் சரிவு, இருட்டில் போகும். ஏற்றங்களிலும் ஜீப் பாதையிலும் பாதி ஒளியில் ஓட்டினால் இந்தப் பற்றாக்குறை தீரும். இல்லாவிட்டால் முதல் சுற்று முடியும் இடத்தில் உதவியாளர் பேட்டரி மாற்றிக் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் விளக்குக்கு இரண்டு பேட்டரி. பச்சை நாடா சுற்றியது நிறைந்தது, நாடா இல்லாதது தீர்ந்தது என்று ஒரே முறையை எல்லோரும் பின்பற்றுங்கள். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். கூடாரத்துக்குள், நெருப்புக்கு எட்டாத இடத்தில் செய்யுங்கள். எட்டு முறை சார்ஜ் செய்ய இழப்பும் சேர்த்து 360 வாட்-மணி ஆகும். 500 வாட்-மணி மின்சேமிப்புப் பெட்டி ஒன்று போதும்.

சாப்பாடும் தூக்கமும்

பைக்கில் இருக்கும்போது மணிக்கு 60 முதல் 80 கிராம் மாவுச்சத்து, 500 முதல் 750 மி.லி. தண்ணீர். இரவுக் குளிரில் தாகம் தெரியாது, குடிக்க மறந்துவிடும். கடிகாரத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு அதிர்வு வையுங்கள்.

இறங்கிய அரை மணி நேரத்துக்குள் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து, கூடவே 20–25 கிராம் புரதம். 70 கிலோ உள்ளவருக்கு ஒன்றரைக் கப் சோறு, இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால் இதைத் தந்துவிடும். ஜெல், இனிப்புக் கட்டி இவற்றை மட்டும் நம்பி வருபவர்களுக்கு இரவு பத்து மணிக்கு மேல் இனிப்பைக் கண்டாலே வயிறு புரளும். நடுராத்திரிக்கு உப்புள்ள, சூடான, மெல்ல வேண்டாத உணவு தேவை. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, நூடுல்ஸ் சூப், மசித்த உருளைக்கிழங்கு இவற்றுக்கு ஈடில்லை. காரத்தையும் பயறு வகைகளையும் போட்டி முடியும்வரை தள்ளி வையுங்கள்.

காபியை முன்யோசனையோடு குடியுங்கள். இருட்டுச் சுற்றுக்கு முக்கால் மணி நேரம் முன்பு கிலோவுக்கு மூன்று மில்லிகிராம் காஃபின். நீண்ட தூக்கத்துக்கு ஐந்தாறு மணி நேரம் முன்பிருந்து ஒரு சொட்டும் கூடாது. அட்டவணையில் யார் எப்போது காபி குடிக்கலாம் என்றே எழுதிவிடலாம்.

இறங்கியதும் முதலில் செய்ய வேண்டியது ஈர உடையைக் களைவது. அதற்குப் பிறகுதான் கதை, பிறகுதான் சாப்பாடு. நனைந்த பிப் ஷார்ட்ஸில் (தோள்பட்டி வைத்த சைக்கிள் கால்சட்டை) பத்து நிமிடம் உட்கார்ந்தால் உடல் நடுங்கத் தொடங்கும், தொடையிடுக்கில் புண் வரும். நான்கு ஜோடி ஷார்ட்ஸ் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் உரிய உடையைத் தனித்தனி பையில் போட்டு மேலே '1', '2' என்று எழுதி வைத்தால், அரைத் தூக்கத்தில் தேட வேண்டியிருக்காது.

மாற்றும் இடம்

வருபவர் கையிலுள்ள பேட்டனை (ரிலேக் குச்சி) போகிறவர் வாங்கிய பிறகுதான் கிளம்பலாம். வந்தவர் நிற்க, போக வேண்டியவர் இல்லை என்பதுதான் எந்த அணிக்கும் மிகப் பெரிய நட்டம். இருபது நிமிடம் காத்திருந்தால் அது ஒரு வருடப் பயிற்சியில் குறைத்த நேரத்துக்குச் சமம்.

தூங்குபவரின் கைபேசி அலாரத்தை நம்பக் கூடாது. எழுப்புவது உதவியாளரின் வேலை. கிளம்ப 60 நிமிடம் முன்பு எழுப்பி, எழுந்து உட்கார்ந்து பதில் சொல்லும்வரை அங்கேயே நிற்க வேண்டும். 40 நிமிடம் முன்பு உடை, சிறு உணவு. 25-இல் பைக், காற்று, விளக்கு சரிபார்ப்பு. 15 நிமிடம் முன்பு மாற்றும் கூடாரத்தில், மேலே தடித்த ஜாக்கெட்டோடு. வருபவர் எதிர்பார்த்ததைவிட ஐந்து நிமிடம் முன்னால் வந்தாலும் அவர் அங்கே இருப்பார்.

முகாமில் ஒரு வெள்ளைப் பலகை வையுங்கள்: பெயர், கிளம்பிய நேரம், எதிர்பார்க்கும் நேரம், வந்த நேரம். இருட்டியதும் 8 முதல் 12 விழுக்காடு மெதுவாவது இயல்பு. ஒருவர் 25 விழுக்காடு மெதுவாக வந்தால் களைப்பு என்று விட்டுவிடாமல், சாப்பிட்டாரா, குளிர்ந்துபோனாரா, விளக்கு மங்கியதா, பிரேக் உரசுகிறதா என்று வரிசையாகக் கேளுங்கள்.

தொடக்கமும் பாதையில் நடத்தையும்

நண்பகலில் முதல் ஓட்டக்காரர்கள் பைக்குக்கு ஓடித்தான் ஏற வேண்டும். பைக்கை ஒருவர் பிடித்து நிற்பார். எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை முன்பே பார்த்து, அடையாளத்துக்குப் பளிச்சென்ற துணியைக் கையில் கொடுங்கள். தொடக்கத்தில் அகலமான ஜீப் பாதையில் செங்குத்தான மேடுகள் அடுத்தடுத்து வரும். இடம் பிடிக்க அங்கே எல்லோரும் மூச்சடைக்க மிதிப்பார்கள். முதல் ஆள் தன் உச்ச இதயத் துடிப்பில் 88 விழுக்காட்டைத் தாண்டாமல் போவது நல்லது. ஒற்றையடிப் பாதையில் இரண்டு நிமிடம் பிந்தினால் ஈடுகட்ட 23 மணி நேரம் இருக்கிறது.

முந்தும்போது தூரத்திலேயே குரல் கொடுங்கள், எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். தனியாக 24 மணி நேரமும் ஓட்டுபவர்களுக்கு நீங்கள் வழிவிட வேண்டுமே தவிர, அவர்களைக் கள்ளிப் பக்கம் ஒதுக்கக் கூடாது. அகலமான இடம் வரும்வரை பொறுத்து, போகும்போது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். முடிவுக்கு அருகிலுள்ள பாறைச் சரிவுக்குச் சுற்றுவழி உண்டு. பகலில் இறங்கிப் பழகாதவர் இரவில் சுற்றுவழியே எடுக்கட்டும்.

கடைசி மூன்று மணி நேரம்

நண்பகலுக்கு எப்படி முடிக்க வேண்டும் என்ற விதி போட்டிக்குப் போட்டி மாறும். சிலவற்றில் நண்பகலுக்கு முன் தொடங்கிய சுற்று முழுதாகக் கணக்கில் வரும். சிலவற்றில் கடைசி ஆள் நண்பகல் கடந்தபின்தான் கோட்டைத் தாண்ட வேண்டும், அதனால் 11.57-க்கு வந்தவர்கள் கோட்டருகே மூன்று நிமிடம் நிற்பதைப் பார்க்கலாம். ஒருவர் பாதி வழியில் காயம்பட்டால் அடுத்தவர் எங்கிருந்து தொடங்குவது என்பதும் அப்படியே. அணித் தலைவர்கள் கூட்டத்தில் இந்த இரண்டையும் கேட்டுப் பலகையில் எழுதுங்கள்.

காலை 9 மணிக்கு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். நம் அட்டவணையில் 'ஆ' 11.45-க்கு வருகிறார், 15 நிமிடம் கையில். 'ஈ', 'அ', 'ஆ' மூவரும் சேர்ந்து அதற்கு மேல் இழந்தால் பத்தொன்பதாவது சுற்று இல்லை. சுற்று எண்ணிக்கை சமமானால் முன்னால் முடித்த அணிக்கே இடம் என்பதால், பக்கத்து அணி எத்தனையில் இருக்கிறது என்று முடிவுப் பலகையில் பாருங்கள். எட்ட முடியாத இடைவெளி என்றால் காயமுள்ளவரை மறுபடி அனுப்ப வேண்டாம்.

முடிந்ததும் கூடாரத்தைப் பிரிப்பதற்கு முன் நால்வரும் தூங்குங்கள். 'ஆ'-வும் 'இ'-யும் அன்று வண்டி ஓட்டவே கூடாது. மண் சாலையையும் நெடுஞ்சாலையையும் கடந்து டூசானுக்குத் திரும்ப, இரவில் தூங்கியவர் யாரோ அவரிடம் சாவியைக் கொடுங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால் இன்னொரு இரவு முகாமிலோ அருகிலோ தங்க முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள்.